ஒரு விளக்கு, ஒரு குடை: ஃபிளாஷ் பற்றி வாசகர் கேள்விகள்

கேமராவை விட்டுத் தள்ளி, ஸ்டாண்டில் நிறுத்தி எரிக்கும் ஃபிளாஷ் பற்றி வந்த கேள்விகளில் திரும்பத் திரும்ப வருபவற்றை இம்முறை எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: கேனன் 1500டி வைத்திருக்கிறேன். 15,000 ரூபாயை ஒட்டி ஃபிளாஷ் வாங்க வேண்டும். வீட்டுக் குழந்தைகள், உறவினர் முகங்கள், எப்போதாவது ஒரு காதுகுத்து, வளைகாப்பு. டிடிஎல் இல்லாத ஃபிளாஷ் வாங்கினால் பணம் வீண் என்கிறார் கடைக்காரர். உண்மையா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: உங்கள் தேவைக்கு உண்மை இல்லை. டிடிஎல் என்றால் கேமராவே ஒளியை அளந்து, ஃபிளாஷ் எவ்வளவு எரிய வேண்டும் என்று ஒவ்வொரு படத்துக்கும் முடிவு செய்வது. ஃபிளாஷைக் கேமரா மேல் மாட்டிக்கொண்டு கூட்டத்துக்குள் ஓடும்போது அது கைகொடுக்கும். விளக்கை ஸ்டாண்டில் நிறுத்தி, ஆளை எதிரே உட்காரவைத்துவிட்டால் விளக்குக்கும் முகத்துக்கும் உள்ள தூரம் மாறுவதில்லை. ஒருமுறை சரியாக வைத்த அளவு நூறு படத்துக்கும் அப்படியே நிற்கும். டிடிஎல்லோ வெள்ளைச் சட்டைக்காரர் வந்தால் ஒளியைக் குறைக்கும், கறுப்புப் புடவைக்காரர் வந்தால் கூட்டும். முகம் படத்துக்குப் படம் மாறும். அதைவிட முக்கியம், கையால் அளவு வைத்துப் பழகினால்தான் ஒளி என்ன செய்கிறது என்பது பிடிபடும்.

வாங்க வேண்டியவை இவை. கோடாக்ஸ் டிடி600 ஒன்று: நான்கு ஏஏ பேட்டரியில் ஓடுவது, முழு அளவிலிருந்து 1/128 வரை குறைக்கலாம், ரேடியோ ரிசீவர் உள்ளேயே இருக்கிறது. கேமரா மேல் மாட்டி, தள்ளி நிற்கும் ஃபிளாஷுக்கு ரேடியோ வழியே ‘எரி’ என்று சொல்லும் எக்ஸ்2டி டிரிக்கரின் கேனன் பதிப்பு. ஏழு அடிக்குக் குறையாத ஸ்டாண்டு. ஃபிளாஷையும் குடையையும் சேர்த்துப் பிடிக்கும் பிராக்கெட். 43 அங்குல வெள்ளைக் குடை, அதாவது ஒளி ஊடுருவிப் போகும் வகை. பிறகு நல்ல ரீசார்ஜ் பேட்டரி எட்டு. தொகை கொஞ்சம் மீறினால் பேட்டரியை நான்காகக் குறையுங்கள். டிரிக்கரையும் ஸ்டாண்டையும் குறைக்காதீர்கள்.

அதே பணத்தில் டிடிஎல் ஃபிளாஷ் ஒன்று வாங்கிவிட்டு, ஸ்டாண்டும் குடையும் பிறகு பார்க்கலாம் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அப்புறம் ஃபிளாஷ் கேமரா தலையிலேயே தங்கிவிடுகிறது. படம் மாறாததற்கு அதுதான் காரணம். விசேஷ வீட்டு வேலை பெருகினால் இரண்டாவதாக டிடிஎல் உள்ள டிடி685 II ஒன்று வாங்கிக்கொள்ளலாம்; அதே டிரிக்கர் அதையும் இயக்கும், டிடி600 துணை விளக்காகிவிடும். முதல் விளக்கை வாங்கும்போதே எந்த நிறுவனத்தின் ரேடியோ முறைக்குள் நுழைகிறோம் என்று பார்க்கச் சொல்வது இதற்காகத்தான். யோங்நுவோ ஒய்என்560 IV நல்ல விளக்குதான், ஆனால் கோடாக்ஸ் டிரிக்கரோடு பேசாது.

ஃபிளாஷின் பலத்தைச் சொல்ல அட்டைப் பெட்டியில் ‘கைடு நம்பர் 60’ என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். ஃபிளாஷின் தலையை 200 மி.மீ. வரை ஜூம் செய்து, ஒளியை டார்ச் போலக் குறுக்கி அளந்த எண் அது. குடைக்குள் எரிக்கும்போது தலையை 24 அல்லது 28 மி.மீ.-க்கு விரித்துத்தான் வைப்போம். குடைத் துணியும் ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வரை விழுங்கும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் ஒளி பாதியாகும்). அப்படியும் வீட்டுக்குள் முகப் படத்துக்கு 1/16, 1/8 அளவே போதுமானதாக இருக்கும்.

கேள்வி: புதிதாக வாங்கிய மேனுவல் ஃபிளாஷ் என் கேனன் 200டி மார்க் 2-இல் மாட்டினால் எரியவே இல்லை. நண்பரின் நிக்கானில் எரிகிறது. கேமரா பழுதா?
– வாசகர், கோவில்பட்டி

பதில்: பழுது இல்லை. கேமராவின் ஃபிளாஷ் ஷூவை, அதாவது மேலே ஃபிளாஷைச் செருகும் இடத்தை, உற்றுப் பாருங்கள். நடுவில் பெரிய வட்டமான உலோகப் பொட்டு இருக்காது. பின்பக்கம் சிறு பொட்டுகள் மட்டும் இருக்கும். எல்லா நிறுவன ஃபிளாஷும் பொதுவாகப் பயன்படுத்தும் ‘எரி’ என்ற கட்டளை அந்த நடுப் பொட்டு வழியாகத்தான் போகும். 200டி மார்க் 2, 3000டி போன்ற தொடக்க நிலை உடல்களில் கேனன் அதை எடுத்துவிட்டது. 1500டி-யிலும் நடுப் பொட்டு இல்லாமல் வந்தவை உண்டு. திண்டுக்கல் வாசகருக்குக் கேனன் பதிப்பு டிரிக்கரைச் சொன்னதற்கு இதுவே காரணம்.

உங்கள் ஃபிளாஷைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. அது ஸ்டாண்டில் நிற்கப்போகிறது, கேமரா ஷூவோடு அதற்கு வேலை இல்லை. டிரிக்கர் மட்டும் கேனனின் சிறு பொட்டுகளோடு பேசக்கூடியதாக, புதிய ஃபர்ம்வேர் (கருவிக்குள் இருக்கும் மென்பொருள்) ஏற்றியதாக இருக்க வேண்டும். நடுப் பொட்டை மட்டும் நம்பும் மலிவு டிரிக்கர்கள் உங்கள் கேமராவில் பயன்படாது. கேமராவைக் கையோடு கொண்டுபோய், கடையிலேயே மாட்டி, பத்துப் படம் எடுத்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

கேனன் ஆர்50 வைத்திருப்பவர்களுக்கும் ஒரு சொல்: அதன் ஷூ முற்றிலும் வேறு வகை. வழக்கமான ஃபிளாஷோ டிரிக்கரோ மாட்ட ஏடி-இ1 என்ற அடாப்டர் தனியாக வேண்டும். பட்ஜெட் போடும்போதே அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எல்லாம் வாங்கி மாட்டிவிட்டேன். எந்த எண்ணை எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை. ஒரு படம் வெளிறிப்போகிறது, அடுத்தது இருட்டாகிறது.
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: ஒரே நேரத்தில் இரண்டு ஒளிகள் உங்கள் படத்துக்குள் வருகின்றன: அறையில் ஏற்கெனவே இருக்கும் ஒளி, ஃபிளாஷ் ஒளி. இரண்டையும் தனித்தனியே கட்டுப்படுத்தலாம் என்று புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கேமராவை எல்லா எண்ணையும் நாமே வைக்கும் எம் நிலையில் வையுங்கள். ஷட்டர் (திறந்திருக்கும் நேரம்) 1/160 வினாடி, அபர்ச்சர் (லென்ஸின் துளை அளவு) எஃப் 5.6, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 200. ஆட்டோ ஐஎஸ்ஓ கட்டாயம் அணைந்திருக்க வேண்டும். வெளிறுவதும் இருளுவதும் பெரும்பாலும் அதனால்தான். ஃபிளாஷை எரிக்காமல் ஒரு படம் எடுங்கள். ஏறக்குறைய கறுப்பாக வர வேண்டும். வந்தால், இனி படத்தில் தெரிவது எல்லாம் உங்கள் ஃபிளாஷ் மட்டுமே.

ஆளின் மூக்குக்கு நேரே ஒரு கோடு போட்டால், அதிலிருந்து 45 பாகை பக்கவாட்டில் ஸ்டாண்டு நிற்கட்டும். குடையின் நடு, கண்மட்டத்துக்கு ஒரு முழம் மேலே, கீழ்நோக்கிச் சாய்ந்து, முகத்திலிருந்து ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக. வெள்ளைக் குடையில் குடையின் முதுகு ஆளைப் பார்க்க வேண்டும். ஃபிளாஷும் ஆளை நோக்கியே, துணி வழியாக எரியும். வெள்ளிப் பூச்சு உள்ள கறுப்புக் குடை என்றால் எல்லாம் தலைகீழ்: ஃபிளாஷ் ஆளுக்கு முதுகு காட்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, ‘குடை வைத்தும் ஒளி மென்மையாகவில்லை’ என்று எழுதுபவர்கள் பலர்.

ஃபிளாஷ் அளவு 1/16. ஒரு படம். நெற்றியும் கன்னமும் வெளிறினால் 1/32, இருளானால் 1/8. ஒவ்வொரு படியும் ஒளியைச் சரிபாதியாக்கும் அல்லது இரட்டிப்பாக்கும். அதுதான் ஒரு ஸ்டாப். மூன்று படத்துக்குள் சரியான இடத்துக்கு வந்துவிடுவீர்கள்.

இப்போது ஷட்டரை மட்டும் 1/160-இலிருந்து 1/40-க்குக் கொண்டுபோய் எடுத்துப் பாருங்கள். முகம் அப்படியே இருக்கும், பின்னால் இருக்கும் அறை இரண்டு ஸ்டாப் வெளிச்சமாகும். ஃபிளாஷ் எரிவது கண்ணிமைக்கும் நேரத்திலும் மிகச் சிறிய பங்கு. ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தாலும் அதற்குக் கவலை இல்லை. அபர்ச்சரும் ஐஎஸ்ஓ-வும் இரண்டு ஒளியையும் சேர்த்து மாற்றும். பூஜையறை விளக்கோ, சாளரத்து அந்தி வெளிச்சமோ பின்னணியில் தெரிய வேண்டுமானால் ஷட்டரைத்தான் தொட வேண்டும்.

தூரத்தையும் கவனியுங்கள். விளக்கிலிருந்து முகம் ஒரு மீட்டரில் இருந்து இரண்டு மீட்டருக்குப் போனால் ஒளி பாதியாகாது, கால்வாசியாகிவிடும். மூன்று மீட்டரில் ஒன்பதில் ஒரு பங்கு. முகம் விளக்கிலிருந்து ஒரு மீட்டரிலும் பின்சுவர் மூன்று மீட்டரிலும் இருந்தால், வெள்ளைச் சுவர்கூட மூன்று ஸ்டாப் இறங்கி அடர் சாம்பலாகிவிடும். பின்னணித் துணி வாங்கவே தேவையில்லை.

வெள்ளைக் குடையில் ஒரு குறை உண்டு. ஒளியில் ஒரு பகுதி பின்னோக்கித் தெறித்து அறை முழுக்கச் சிதறும். நம் வீடுகளில் பச்சையும் ரோஸும் அடித்த சுவர்கள் சாதாரணம். அந்த நிறம் கன்னத்தில் ஏறும். நிழல் பக்கம் ஒரு அங்குல கன வெள்ளைத் தெர்மாகோல் அட்டையை, படத்துக்குள் வராத அளவுக்கு நெருக்கமாக நிறுத்துங்கள். சுவரின் நிறத்தை மறைப்பதோடு நிழலையும் இளக்கும். ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் அதுவே இரண்டாவது விளக்கு.

கேள்வி: படத்தின் கீழ்ப்பகுதியில் கறுப்புப் பட்டை விழுகிறது. நிக்கான் டி5600. எச்எஸ்எஸ் உள்ள ஃபிளாஷ் வாங்கினால் சரியாகுமா?
– வாசகர், ராமநாதபுரம்

பதில்: வாங்காதீர்கள். எச்எஸ்எஸ் என்பது மிக வேகமான ஷட்டரிலும் ஃபிளாஷைப் பயன்படுத்தவிடும் வசதி. டி3500, டி5600 வரிசைக் கேமராக்களில் அந்த வசதியே இல்லை. எந்த ஃபிளாஷ் வாங்கினாலும் வராது.

ஷட்டரில் இரண்டு திரைகள் உண்டு. முதல் திரை திறந்து முடித்த பிறகே இரண்டாவது மூடத் தொடங்கும் வேகங்களில் மட்டும் சென்சார் முழுதும் ஒரே கணத்தில் திறந்திருக்கும். உங்கள் கேமராவில் அதன் எல்லை 1/200. அதைத் தாண்டினால் இரண்டாம் திரை மறைத்த பகுதி பட்டையாக விழும். 1/200-லேயே மெல்லிய நிழல் தெரிந்தால் டிரிக்கர் கொஞ்சம் தாமதிக்கிறது என்று பொருள், 1/160-க்கு இறங்குங்கள்.

வெயிலில் பின்னணியைக் கருக்க நினைத்துத்தான் ஷட்டரைக் கூட்டியிருப்பீர்கள். உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 100, 1/200 என்றால் அபர்ச்சர் எஃப் 11-ஐ ஒட்டி வரும். அந்த வெயிலோடு குடைக்குள் இருக்கும் சிறு ஃபிளாஷ் போட்டிபோட முடியாது. குடையைக் கழற்றிவிட்டு அருகில் எரியுங்கள், அல்லது ஆளைத் திண்ணைக்கோ மர நிழலுக்கோ அழைத்து வாருங்கள். எச்எஸ்எஸ் உள்ள கேமராக்காரர்களும் கவனிக்க: அந்த முறையில் ஃபிளாஷின் பலம் இரண்டு ஸ்டாப் அல்லது அதற்கு மேலும் குறையும். சூரியனை வெல்ல அது வழி அல்ல. பகலில் அபர்ச்சரைத் திறந்து வைக்கத்தான் அது.

கேள்வி: ரிமோட்டுக்குப் போடும் பேட்டரியைப் போட்டால் ஃபிளாஷ் மீண்டும் தயாராகப் பத்து வினாடிக்கு மேல் ஆகிறது. ஏஏ அளவில் 3.7 வோல்ட் லித்தியம் பேட்டரி கிடைக்கிறதே, அதைப் போடலாமா?
– வாசகர், திருப்பூர்

பதில்: கூடவே கூடாது. நான்கைப் போட்டால் 14.8 வோல்ட். ஃபிளாஷ் எதிர்பார்ப்பது ஆறு வோல்ட்டுக்குள். சுற்று கருகிவிடும்.

நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகை ரீசார்ஜ் பேட்டரி போடுங்கள், எனலூப் போன்றவை. அதில் எழுதியிருப்பது 1.2 வோல்ட் என்றாலும் சாதாரண 1.5 வோல்ட் பேட்டரியை விட வேகமாக மின்சாரத்தைக் கொடுக்கும், ஏனென்றால் அதன் உள்தடை குறைவு. நல்ல பேட்டரியோடு டிடி600 முழு அளவில் எரிந்து மீண்டும் தயாராக ஏறத்தாழ 2.6 வினாடி என்கிறது நிறுவனம். 1/8-இல் காத்திருப்பே தெரியாது. நான்கையும் ஒரே நாளில் வாங்கி, எண் எழுதி, ஒன்றாகவே பயன்படுத்தி, ஒன்றாகவே சார்ஜ் செய்யுங்கள். ஒவ்வொரு பேட்டரியையும் தனித்தனியே கவனிக்கும் சார்ஜராக இருக்கட்டும். நான்கில் ஒன்று நொண்டினாலும் மற்ற மூன்றும் பயனில்லை.

முழு அளவில் விடாமல் 30 முறைக்கு மேல் எரிக்க வேண்டாம். அதற்குப் பிறகு பத்து நிமிடம் ஓய்வு. தலைக்குள் சூடேறி முன்கண்ணாடிப் பிளாஸ்டிக் உருகியவை நிறைய.

கேள்வி: அப்பாவின் ஸ்டுடியோவில் இருந்த பழைய விவிட்டார் 283 இருக்கிறது. டிஜிட்டல் கேமராவில் மாட்டலாமா?
– வாசகர், காரைக்குடி

பதில்: அளக்காமல் மாட்டாதீர்கள். அந்த வரிசையின் பழைய தயாரிப்புகள் சிலவற்றில் ஷூவின் நடுப் பொட்டில் 200 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். பழைய ஃபிலிம் கேமராவில் இருந்தது வெறும் உலோகத் தொடுப்பு, அது தாங்கியது. டிஜிட்டல் கேமராவின் மின்னணுச் சுற்று தாங்காமல் போகலாம். பேட்டரி போட்டு, தயார் விளக்கு எரிந்த பிறகு, மல்டிமீட்டரை 600 வோல்ட் டிசி-யில் வைத்து, ஒரு முனையை நடுப் பொட்டிலும் மற்றதைப் பக்கவாட்டு உலோகத்திலும் தொட்டுப் பாருங்கள். 24 வோல்ட்டைத் தாண்டினால் கேமராவிலும் வேண்டாம், ரேடியோ ரிசீவரிலும் வேண்டாம். அந்த மின்னழுத்தத்தைத் தாங்கும் ஆப்டிகல் ஸ்லேவ் ஒன்றை மாட்டினால், உங்கள் முதல் ஃபிளாஷ் எரிவதைப் பார்த்து இது தானே எரியும். பின்னணி விளக்காக நன்றாக உழைக்கும்.

எரியவில்லை என்று மட்டும் பிரித்துப் பார்க்காதீர்கள். உள்ளே இருக்கும் கப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும், பேட்டரி எடுத்த பிறகும்.

கேள்வி: கல்யாண மண்டபத்தில் மணமக்கள் முகம் நீலம் பாய்ந்து, பின்னணி ஆரஞ்சாக வருகிறது. இன்னொன்று: என் டிரிக்கரை அழுத்தாமலே என் ஃபிளாஷ் எரிகிறது!
– வாசகர், கும்பகோணம்

பதில்: இரண்டாவதுக்கு முதலில். மேடையில் இன்னொருவரும் அதே நிறுவன டிரிக்கர் வைத்திருக்கிறார், இருவரும் ஒரே சேனலில் இருக்கிறீர்கள். பெட்டியிலிருந்து எடுத்தபடியே சேனல் 1-இல் பலர் விட்டுவிடுகிறார்கள். சேனல்கள் பல இருக்கின்றன. நடுவில் ஏதாவது ஒன்றுக்கு டிரிக்கரையும் ஃபிளாஷையும் சேர்த்து மாற்றுங்கள். ஐடி எண் வைக்கும் வசதி இரண்டிலும் இருந்தால் அதையும் வையுங்கள். டிரிக்கரும் ஃபிளாஷும் மிக அருகில் இருக்கும்போது எரியாமல் போவதும் உண்டு. டிரிக்கர் மெனுவில் தூரத்தை 0–30 மீட்டர் என்று மாற்றினால் சரியாகும்.

நிறத்துக்கு வருவோம். ஃபிளாஷ் ஒளி ஏறத்தாழ 5600 கெல்வின், பகல் வெளிச்சம் மாதிரி. மண்டபத்து மஞ்சள் விளக்கு 3000-ஐ ஒட்டியது. கேமரா மஞ்சளைச் சரிசெய்யப் போனால் ஃபிளாஷ் விழுந்த முகம் நீலமாகிறது. சிடிஓ என்று கேட்டால் கிடைக்கும் ஆரஞ்சு ஜெல் தாளை ஃபிளாஷ் முகப்பில் ஒட்டி, ஒயிட் பேலன்ஸை (கேமரா நிறத்தைச் சரிசெய்யும் அளவை) 3200 கெல்வினில் நிறுத்துங்கள். இரண்டு ஒளியும் ஒரே நிறமாகிவிடும். முக்கால் ஸ்டாப் அளவுக்கு ஒளி குறையும், அதை ஃபிளாஷில் கூட்டிக்கொள்ளுங்கள். பரிசுப் பொட்டலம் கட்டும் கண்ணாடித் தாளை வெட்டி ஒட்ட வேண்டாம்: நிறம் சரியாக இராது, சூட்டில் சுருங்கி ஒட்டிக்கொள்ளும்.

கூரையில் அடித்துத் திருப்பும் பழக்கம் இருந்தால், மேலே அண்ணாந்து பார்த்துவிட்டு அடியுங்கள். மஞ்சளும் சிவப்பும் பந்தல் துணி கட்டியிருந்தால் அந்த நிறம்தான் முகத்தில் இறங்கும்.

கேள்வி: அதே விலைக்கு 60 வாட் எல்இடி கிடைக்கிறது. ஒளி கண்ணுக்குத் தெரிகிறது, செல்போனுக்கும் ஆகும். அதுவே நல்லதில்லையா?
– வாசகி, சேலம்

பதில்: வீடியோவுக்கும் செல்போனுக்கும் அதுதான் சரி. செல்போன் சென்சாரை வரிவரியாகப் படிப்பதால், கண நேரம் எரியும் ஃபிளாஷ் அதில் சரியாகப் பதியாது.

கேமராவில் நிழற்படம் மட்டும்தான் என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 வாட் விளக்கு 1/200 வினாடியில் செலவழிக்கும் ஆற்றல் 0.3 ஜூல். கையடக்க ஃபிளாஷ் முழு அளவில் ஒருமுறை எரியும்போது 60 ஜூலை ஒட்டி வரும். வாட்டுக்கு எல்இடி கூடுதல் ஒளி தரும் என்பதைக் கழித்தாலும் இடைவெளி பல மடங்கு. குடைக்குள் எல்இடி-யை வைத்தால் ஐஎஸ்ஓ 800, 1600 என்று ஏற்ற வேண்டிவரும், ஓடும் குழந்தை கலங்கும். உட்கார்ந்த ஆளுக்கும் சாப்பாட்டுத் தட்டுக்கும் அது போதும்.

கேள்வி: கடற்கரையில் குடையோடு ஸ்டாண்டு சாய்ந்து ஃபிளாஷின் கழுத்து உடைந்துவிட்டது. சாஃப்ட்பாக்ஸ் வாங்கினால் நிற்குமா? கண்ணாடி போட்டவர்களுக்குக் கண்ணில் வெள்ளைப் பொட்டு விழுவதையும் எப்படித் தவிர்ப்பது?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: துணிப்பெட்டி போன்ற சாஃப்ட்பாக்ஸும் காற்றுக்குப் பாய்மரத் துணி மாதிரிதான். 60 செ.மீ. சதுரம் 43 அங்குலக் குடையை விடச் சிறிது என்பதால் கொஞ்சம் தாங்கும், அவ்வளவே. அதற்கு எஸ் வகை பிராக்கெட் வாங்குங்கள். அது ஃபிளாஷின் காலைப் பிடிக்காமல் தலையைச் சுற்றிப் பிடிக்கும், கழுத்துக்குப் பாரம் ஏறாது. போவன்ஸ் எனப்படும் பொருத்து வளையம் உள்ளதாக இருந்தால் பின்னாளில் பெரிய சாஃப்ட்பாக்ஸும் மாட்டலாம்.

ஸ்டாண்டின் மூன்று காலையும் நன்றாக அகட்டி, ஒரு காலை விளக்கு சாயும் திசைக்கு நேராக வையுங்கள். கட்டைப்பையில் ஐந்து கிலோ மணல் கட்டி, அந்தக் காலின் மேல் தரையைத் தொட்டபடி இருக்கட்டும். உயரத்தில் தொங்கவிட்டால் காற்றில் ஊசலாடி அதுவே இழுத்துத் தள்ளும். கடற்கரையில் இவ்வளவும் செய்தாலும் போதாது. குடையைச் சுருட்டி வைத்துவிட்டு, துணைக்கு வந்தவர் கையில் ஃபிளாஷைக் கொடுத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் உப்புக்காற்று பட்ட பேட்டரி முனைகளை உலர்ந்த துணியால் துடையுங்கள்.

கண்ணாடிக்கு: விளக்கை இன்னும் உயர்த்தி, பக்கவாட்டில் தள்ளுங்கள். போதவில்லை என்றால் கண்ணாடியின் கொக்கிகளைக் காதிலிருந்து அரை அங்குலம் மேலே தூக்கி வைக்கச் சொல்லுங்கள். கண்ணாடி கீழ்நோக்கிச் சாயும், ஒளி தரைக்குப் போய்விடும், தூக்கியிருப்பது படத்தில் தெரியாது.